மூப்பும் நோயும் கண்புரையும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் முன்னோர். அச்சிரசினுள்ளும் கண்ணுக்குரிய தலைமையைக் கற்றாரும் மற்றாரும் ஒருங்கே ஒப்புவர். எனினும், பல்லில் ஒரு நோவு கண்டால் அன்றைக்கே வைத்தியரை நாடும் நம்மவர், கண் மங்கத் தொடங்கினால், "வயது போனால் அப்படித்தான்" என்று கூறி ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்து விடுகின்றனர். நெடுநாள் நோயுடையார் இவ்வாறிருத்தல் எத்துணைக் கேட்டினை விளைக்கும் என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறை. இம்மலருக்கு ஓர் ஆசியுரை வேண்டி, நமக்கு இலக்கணம் படிப்பித்த ஆசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவருக்கு இப்பொழுது வயது 84. நாம் கொடுத்த கடிதத்தை இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் முழுவதும் வாசித்தார். அதிலிருந்த சந்திப்பிழை ஒன்றையும் சுட்டிக்காட்டினார். இடக்கண்ணை ஏன் மூடினீர்கள் என்று வினவியபோது, நடந்ததைச் சொன்னார்.

அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு. இரு கண்ணிலும் புரை படர்ந்தபோது, அது நன்கு முற்றிய பின்னரே எடுத்தல் வேண்டும் என்று அயலார் கூறியதை நம்பி மூன்றாண்டு காத்திருந்தார். பின்னர் இரு கண்ணிலும் சத்திரசிகிச்சை செவ்வனே நடைபெற்றது. வலக்கண்ணுக்குப் பார்வை மீண்டது; இடக்கண்ணுக்கு மீளவில்லை. புரையின் பின்னால் விழித்திரை நீரிழிவினாற் பழுதுபட்டுக் கிடந்தமை, புரையை நீக்கிய பின்னரே தெளிவாகத் தெரிந்தது.

அதைக் கேட்டு நாம் தலைகுனிந்தோம். மூன்றாண்டுகளுக்கு முன் கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் அவரைச் சந்தித்தபோது, எழுத்து மங்கலாகத் தெரிவதாக அவர் நம்மிடமே கூறினார். வைத்தியத்துறையிற் பணி புரிந்து ஓய்வுபெற்ற நாம், "புரையாயிருக்கும், மாஸ்ரர்" என்று சொல்லி அமைந்தோம். சலரோகம் உண்டா என்று ஒரு சொல் வினவ மறந்தோம். இதனை அவரிடம் சொன்னபோது, "தம்பி, எனக்காக இரங்க வேண்டாம். உம்முடைய வகுப்பிலே இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது எழுபது வயதாகிறது; அவர்களிலே எத்தனை பேருக்குச் சலரோகம் இருக்குமோ! அவர்களுக்கு இதை எழுதும்" என்றார். ஆசிரியர் இட்ட பணியை ஈண்டுச் செய்கின்றோம்.

வில்லையின் இயல்பு

கண்மணி எனப்படும் கரிய துவாரத்துக்குச் சற்றுப் பின்னால் வில்லை என்னும் உறுப்பு அமைந்துள்ளது. வளர்ந்தோரில் அதன் குறுக்களவு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். தடிப்பு 4 மில்லிமீற்றர் வரை. உழுத்தம் பருப்பினும் சற்றுப் பெரிதாகிய இச்சிறு பொருள், வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச் செய்வதற்குத் துணைபுரிகின்றது. அதனுள் இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லை; இருப்பின் ஒளி தடைப்படும். முன்னாலுள்ள தெளிந்த நீரிலிருந்தே தனக்கு வேண்டிய உணவை அது பெறுகின்றது. அதன் எடையில் மூன்றிலொரு பங்கு புரதம். எஞ்சியது பெரும்பாலும் நீர். அப்புரதங்கள் ஒழுங்காகச் செறிந்து நிற்கும் வரையிலேயே வில்லை தெளிவாயிருக்கும்.

தோலிலும் குடலிலும் பழைய கலங்கள் கழிந்து புதியன தோன்றுகின்றன. வில்லையில் அவ்வாறு எதுவும் கழிவதில்லை. புதிய நார்கள் பழையவற்றின் மேற் படிந்துகொண்டே போகின்றன. ஆகவே, அதன் நடுவிலுள்ள நார்கள் நாம் தாய் வயிற்றிலிருந்தபோது உண்டானவை. பனை புறத்தே வைரமுடையது. வேம்பு அகத்தே வைரமுடையது. நம் வில்லை வேம்பின் இனத்தது எனலாம். ஆண்டு செல்லச் செல்ல நடுவே இறுகி மஞ்சள் நிறமடைகின்றது. மாற்றப்படாத அப்புரதங்கள் எழுபது எண்பது ஆண்டுகளாக ஒளியையும் ஒட்சியேற்றத்தையும் தாங்கி, ஈற்றில் ஒழுங்கு குலைந்து ஒன்றோடொன்று திரள்கின்றன. தெளிந்த வில்லை இங்ஙனம் கலங்குவதே கண்புரை. கண்ணின் மேல் வளரும் தோலன்று அது. உலகிற் குருட்டுக்குக் காரணமானவற்றுள் முதலிடம் பெறுவதும் அதுவே.

மூப்பு ஒன்றே காரணமாயின் அதற்கு நாம் செய்யக்கூடியது சிறிதே. ஆனால், உடம்பிற் குடிகொண்ட வேறு நோய்கள் இக்கலக்கத்தை விரைவுபடுத்துகின்றன. அவற்றுள் முதலாவது நீரிழிவு.

நீரிழிவும் புரையும்

இரத்தத்திற் சீனி மிகும்போது, வில்லையை ஊட்டும் நீரிலும் அது மிகுகின்றது. தசைக்குட் சீனி புகுவதற்கு இன்சுலின் வேண்டும். வில்லைக்குட் புகுவதற்கு அது வேண்டியதில்லை. ஆதலின் மிகுந்த சீனி தடையின்றி உட்செல்கின்றது. அங்கே அதன் ஒரு பகுதி சோபிற்றோல் என்னும் பொருளாக மாறுகின்றது. உட்சென்ற சீனி சோபிற்றோலான பின் எளிதில் வெளியேறமாட்டாது. உள்ளேயே தேங்கி நீரை இழுக்கின்றது. நீரிலிட்ட உழுந்து பருப்பதுபோல வில்லையின் நார்கள் பருக்கின்றன. சீனி ஏறியிறங்கும் நாட்களிற் பார்வை மாறுவதும், சென்ற மாதம் வாங்கிய மூக்குக்கண்ணாடி இம்மாதம் பொருந்தாமற் போவதும் இது பற்றியே.

இன்னொரு கேடும் உண்டு. சீனி புரதத்தோடு மெல்லமெல்ல ஒட்டிக்கொண்டு அதன் இயல்பைத் திரிக்கின்றது. போறணையில் வேகும் பாணின் மேற்புறம் பொன்னிறமாவதும் புரதமும் சீனியும் கூடுவதனாலேயே. போறணையின் வெப்பத்திற் சில நிமிடங்களில் நிகழ்வது, உடற் சூட்டிற் பல ஆண்டுகளில் வில்லையினுள் நிகழ்கின்றது.

அமெரிக்காவிலுள்ள பிரமிங்காம் நகரிலே 1973 தொடக்கம் 1975 வரை நடந்த கண்ணாய்வும், அந்நாட்டிற் செய்யப்பட்ட பிறிதோர் ஆய்வும், 65 வயதுக்குட்பட்ட நீரிழிவுடையார்க்குப் புரை உண்டாகும் நிலைமை மற்றையோரினும் மூன்று நான்கு மடங்கு என்று காட்டின. அவ்வயதைக் கடந்தோரில் இவ்வேறுபாடு குறைகின்றது. மூப்பு எல்லாரையும் ஒரு வரிசையிற் கொண்டுவந்து விடுகின்றது. இதனால் அறியத்தக்கது யாதெனில், நீரிழிவு புரையைப் புதிதாகப் படைப்பது மட்டுமன்று. எழுபதில் வரற்பாலதை ஐம்பத்தைந்திற்கே கொணர்ந்து விடுகின்றது என்பதே.

மருந்தினால் வரும் புரை

1948ஆம் ஆண்டில் பிலிப் ஹென்ச் என்னும் அமெரிக்க வைத்தியர், மூட்டுவாத நோயினால் எழுந்து நடக்கமாட்டாதிருந்த பெண் ஒருவருக்குக் கோட்டிசோன் என்னும் மருந்தைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950இல் ஹென்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபற் பரிசு வழங்கப்பட்டது. பத்தாண்டு செல்ல, அம்மருந்தின் மறுபக்கமும் வெளிப்பட்டது. ஸ்டீரொயிட் மருந்துகளை நெடுங்காலம் உண்ட மூட்டுவாத நோயாளர் சிலருடைய வில்லையின் பின்புற உறைக்கருகே புரை காணப்பட்டதை 1960இல் அமெரிக்க வைத்தியர் சிலர் எழுதி வெளியிட்டனர்.

வில்லையின் பின்புறத்து நடுவில் அமையும் இப்புரை சிறிதாயிருந்தும் பெருந்தொல்லை தருவது. வெயிலிற் கண்மணி சுருங்கும்போது ஒளி முழுவதும் அக்கலங்கிய நடுவினூடாகவே செல்ல வேண்டியிருத்தலால், நண்பகலிற் பார்வை கெட்டு மாலையிற் சற்றுத் தெளியும், வாசித்தல் கடினமாகும். இவ்வகைப் புரை நீரிழிவுடையாரிடத்தும் காணப்படும்.

தொய்வு, மூட்டுவாதம், தோல் நோய் முதலியவற்றுக்காக ஸ்டீரொயிட் குளிசைகளை உண்போர் நம்மிடையே பலர். உயிரைக் காக்கும் அம்மருந்தைத் தாமாக நிறுத்துதல் பேராபத்து, அவ்வாறு செய்யற்க. அதனை உண்ணுங் காலத்திற் கண்ணைக் கிரமமாகக் காட்டிவருதலே தக்கது. ஆயின், நோவு தீர்ந்துவிடும் என்று பிறர் கொடுக்கும் பெயரறியாக் குளிசைகளையும் பொடிகளையும் உண்பதும், ஒருவர்க்கு எழுதிக் கொடுத்த கண்துளி மருந்தை வேறொருவர் மாதக்கணக்கில் இடுவதும் அறவே தவிர்க்கற்பாலன. அவற்றுள் ஸ்டீரொயிட் கலந்திருத்தல் கூடும். அது புரையோடு நில்லாது, கண்ணினுள் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பையும் கெடுக்கும்.

பிற காரணங்கள்

உயர்ந்த இரத்த அழுத்தம், மிகுந்த உடற்பருமன் என்பவற்றையுடையாரிடத்தும் புரை கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சில கூறுகின்றன. இவை பெரும்பாலும் நீரிழிவோடு கூடிவருவன ஆகலின், இவற்றைத் தனியே பிரித்துக் குற்றஞ் சாட்டுதல் எளிதன்று. புகைத்தலைப் பற்றி அத்தகைய ஐயமில்லை. சிகரெட்டாயினும் சுருட்டாயினும் புகை புகையே. வில்லையின் நடுப்பகுதி கலங்குவதை அது விரைவுபடுத்துகின்றது.

வெயிலையும் ஈண்டு மறத்தலாகாது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மீனும் நண்டும் பிடித்து வாழும் 838 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையொன்று, வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் கூடுதலாகப் பட்டவர்க்கு வில்லையின் புறப்பகுதியிற் புரை மிகுதியாக உண்டானமையைக் காட்டிற்று. கடலிலும் தோட்டத்திலும் வயலிலும் பகல் முழுதும் நிற்கும் நம்மவர்க்கு இது பெரிதும் பொருந்தும். அகன்ற விளிம்புடைய ஓலைத்தொப்பி ஒன்று கண்ணிற் படும் அக்கதிர்களைப் பெரிதும் குறைக்கும்.

ஏமாற்றும் குறி ஒன்று

எழுபது வயதை அடைந்தவர் சிலர், "இவ்வளவு காலமும் கண்ணாடி போட்டு வாசித்தேன், இப்போது கண்ணாடி இல்லாமலே பத்திரிகை வாசிக்கிறேன்" என்று மகிழ்ந்து கூறுவதுண்டு. வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது ஒளியைக் குவிக்கும் வலி கூடுதலால், அண்மைப் பார்வை சிறிது காலம் திருந்தும். தூரப் பார்வை அதே அளவிற்குக் குறையும். இளமை மீண்டதன்று இது, புரையின் தொடக்கமே. இத்தகையோரும், இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி சிதறித் தெரிவோரும், நிறங்கள் மங்கி மஞ்சளாகக் காண்போரும் கண் வைத்தியரை அணுகுதல் வேண்டும். பிரான்சு நாட்டு ஓவியர் குளோட் மொனே என்பாருக்கு 1912இற் புரை உண்டென்று அறியப்பட்டது. அஞ்சி அஞ்சிப் பதினோராண்டு காலந் தாழ்த்தி, 1923இலேயே சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். அவ்விடைக்காலத்து ஓவியங்கள் சிலவற்றிற் செம்மையும் கபிலமும் ஓங்கி நிற்பதற்குப் புரையே காரணம் என்பர்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

மொனேயின் அச்சம் காரணமற்றதன்று. பண்டைக்காலத்திற் புரையை எடுக்கும் வழி இல்லை. ஊசியினால் வில்லையைக் கண்ணினுள்ளேயே தள்ளிவிடுவர். சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலும் இம்முறை கூறப்பட்டுள்ளது. பலருக்கு அதனாற் கண் முற்றாகக் கெட்டது. இசைமேதை பாஹ் என்பார் 1750இல் இங்கிலாந்து தேசத்து ஜோன் டெயிலர் என்பவரிடம் இவ்வாறு சிகிச்சை பெற்று, பார்வையும் பெறாது, சில மாதங்களில் உயிரும் துறந்தார். அக்காலத்திலேயே, 1747இல், பிரான்சு தேசத்து ஜாக் டாவியேல், கலங்கிய வில்லையைக் கண்ணினின்று வெளியே எடுக்கும் முறையைத் தொடக்கினார்.

வில்லையை எடுத்தபின் கண்ணுக்குப் போதிய குவிக்கும் வலி இல்லை. எனவே மிகத் தடித்த கண்ணாடி அணிதல் வேண்டியிருந்தது. நம் பாட்டன்மாருள் அத்தகைய கண்ணாடி அணிந்தோரை நாம் கண்டிருக்கின்றோம். இக்குறை நீங்கிய கதை வியப்புக்குரியது. 1940இல் நடந்த வான்போரில் விமானக் கூண்டின் பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் விமானிகளின் கண்ணுட் பாய்ந்தன. அவை கண்ணுக்குக் கேடு விளைக்காது அமைதியாய்க் கிடந்ததை ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கில வைத்தியர் கவனித்தார். அப்பொருளினாலேயே செயற்கை வில்லை செய்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆந் திகதி லண்டனில் நோயாளி ஒருவரின் கண்ணில் வைத்தார். 1967இல் சார்ள்ஸ் கெல்மன் என்னும் அமெரிக்கர், கேளா ஒலியினால் வில்லையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். இன்று சில மில்லிமீற்றர் அளவேயான வெட்டினூடாக, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குட் சிகிச்சை முடிகின்றது.

நெடுநாள் நோயுற்றோர் மனந்தளராதிருத்தற்கு இத்துறையிலேயே ஒரு சான்று உளது. தமிழ்நாட்டில் வைத்தியர் கோவிந்தப்ப வேங்கடசாமி என்பாருக்கு முப்பது வயதளவில் மூட்டுவாதம் கண்டு விரல்கள் கோணின. அக்கோணிய விரல்களால் நுண்கருவிகளைப் பிடிக்கப் பழகிக் கண் சத்திரசிகிச்சை நிபுணரானார். அரச சேவையில் ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையிற் பதினொரு கட்டில்களுடன் அரவிந்த கண் வைத்தியசாலையைத் தொடக்கினார். 1992இல் அந்நிறுவனம் செயற்கை வில்லைகளைக் குறைந்த விலையில் ஆக்கத் தொடங்கியது. இலட்சக்கணக்கான ஏழைகள் அதனாற் பார்வை பெற்றனர்.

காத்திருத்தல் தகுமோ?

புரை முற்ற வேண்டும் என்பது பழைய முறைக்குரிய விதி. வில்லையை முழுதாக எடுத்த காலத்தில் அது பொருந்திற்று, இக்காலத்திற்குப் பொருந்தாது. முற்றி இறுகிய புரையை உடைத்தெடுத்தல் கடினம். மிக முற்றினால் வில்லையின் புரதம் கசிந்து, கண்ணுள் அழுத்தம் ஏறிக் கடுநோவும் உண்டாகலாம். வாசித்தல், நடத்தல், சமைத்தல், வீதியைக் கடத்தல் ஆகியவற்றுக்கு இடையூறு தோன்றும் காலமே சிகிச்சைக்குரிய காலம். முதியோர் இருளில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிதலும் மங்கிய பார்வையால் வருவதுண்டு. புரையைக் கரைக்கும் துளிமருந்து எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

நீரிழிவுடையார் காத்திருத்தலில் இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. நீரிழிவு, விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து, நீர் கசியவும் குருதி ஒழுகவும் செய்கின்றது. தொடக்கத்தில் இதனால் நோவு இல்லை. பார்வைக் குறைவும் இல்லை. காலத்திற் கண்டால் லேசர் ஒளியினாலும் ஊசிமருந்தினாலும் தடுக்கலாம்; இழந்த பார்வையை மீட்டல் அரிது. புரையோ, உலகத்தை நோயாளிக்கு மறைப்பதுபோலவே, நோயாளியின் விழித்திரையை வைத்தியருக்கும் மறைத்து விடுகின்றது. மங்கலுக்கெல்லாம் புரையே காரணமென்று அனைவரும் எண்ணியிருக்க, அதன் பின்னால் மீளாக் கேடு வளர்கின்றது. நம் ஆசிரியருக்கு நேர்ந்தது இதுவே. புரை மீட்கத்தக்க குறை; விழித்திரைக் கேடு அத்தன்மைத்தன்று. முன்னதைக் காத்திருந்து பின்னதை இழத்தல் அறிவுடைமையாகாது.

கண்தானம் செய்தோரின் கண்ணைப் பெற்று இதனைத் தீர்க்கலாமே என்று கருதுவாரும் உளர். 1961இல் ஹட்சன் சில்வா நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலகறிந்தது. ஆயின், தானமாகப் பெற்ற கண்ணிலிருந்து மாற்றப்படுவது பெரும்பாலும் முன்புறத்து ஒளிபுகும் படலமே. விழித்திரையை மாற்றிவைக்கும் வழி இன்றும் இல்லை.

செய்யற்பாலன

நீரிழிவுண்டென்று அறிந்த அன்றே கண்ணையும் காட்டுதல் வேண்டும். அதன்பின் ஆண்டுக்கொருமுறையேனும் கண்மணியை மருந்திட்டு விரித்து விழித்திரையைப் பார்ப்பித்தல் வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையிற் பார்க்கும் பரிசோதனை இதற்கு ஈடாகாது. சீனியையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைத்தல் வில்லைக்கும் விழித்திரைக்கும் ஒருங்கே நலம் பயக்கும். புகைத்தலை நிறுத்துக, வெயிலிற் கண்ணுக்கு நிழல் செய்க.

சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுசென்று காட்டுக. சலம் தடையின்றிக் கழியும்பொருட்டு முதிய ஆண்கள் உண்ணும் தம்சுலோசின் என்னும் மருந்து, சிகிச்சையின்போது கண்மணி சுருங்கிக் கருவிக்கு இடையூறாவதற்குக் காரணமாகும் என்பது 2005இல் வெளிப்பட்டது. முன்கூட்டியே அறிந்தால் வைத்தியர் அதற்கேற்ப ஆயத்தம் செய்வார். குருதி உறையாமைக்கு உண்ணும் மருந்துகளையும் வைத்தியரைக் கேளாது நிறுத்தற்க. சிகிச்சையின் பின் கண்ணிற் கடுநோவோ மிகுந்த சிவப்போ பார்வை குன்றலோ உண்டாயின், விடியட்டும் என்று இராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க. சில மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துப் பார்வை மீண்டும் மங்குமாயின் அஞ்சற்க. செயற்கை வில்லையைத் தாங்கும் உறை கலங்குவதால் அது நேர்வதுண்டு. லேசரினாற் சில நிமிடங்களில் அதனைச் சீர்செய்வர்.

முடிவுரை

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் என்னும் நூல் 1867இல் தமிழில் அச்சேறியதும் அவர் முயற்சியினாலேயே. வேற்று நாட்டவர் நம் மொழியிலே நம்மவர்க்கு நோயின் தன்மையைச் சொன்ன மண் இது. நாம் நம் ஆசிரியருக்கு ஒரு வினாவை வினவாது விட்டோம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களை நாம் வேண்டுவது அவ்வொரு வினாவே. கண் மங்குகிறது என்று முதியவர் ஒருவர் கூறக் கேட்டால், "சலரோகம் உண்டா? விழித்திரையைப் பார்ப்பித்தீர்களா?" என்று கேளுங்கள். நமக்கு நாமே அதனைக் கேட்டுக்கொள்வோம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழி நம் வகுப்பார் எவர்க்கும் பொருந்தாதொழிக.

மலர் வெளிவந்ததும் முதற் பிரதியை ஆசிரியரிடம் சேர்ப்பிக்க எண்ணியுள்ளோம். எஞ்சிய ஒரு கண்ணால் அவர் இக்கட்டுரையை வாசிப்பார். சந்திப்பிழைகளையும் குறித்து அனுப்புவார். அவற்றை மகிழ்வோடு ஏற்றுக்கொள்வோம்.